எடைக்கு ஏற்ற மாத்திரை

என் பேத்தி நர்மதா ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். எடை ஒரு கிலோ நூற்றைம்பது. நான் காசிமேட்டில் முப்பத்தெட்டு வருஷம் தராசில் மீன் நிறுத்தவன். அதைவிடப் பெரிய வஞ்சிரத்தைச் சின்னது என்று ஒதுக்கியிருக்கிறேன்.

நாற்பத்தொரு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு அட்டையைக் கொடுத்து, வருஷா வருஷம் கூட்டி வாங்க, பிரஷர் பார்க்கணும், கிட்னி பார்க்கணும், இதயம் பார்க்கணும் என்றார்கள். கைக்குழந்தைக்குப் பிரஷரா என்று கேட்டேன். நர்ஸ் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாள்.

இரண்டு வருஷம் என் மகள் செல்லம்மா கூட்டிப்போனாள். ஒன்றும் இல்லை என்றார்கள். ஒன்றும் இல்லை என்று கேட்பதற்கு ஒரு நாள் முழுக்க வரிசையில் நிற்க வேண்டும். மூன்றாம் வருஷம் நான்தான் வேண்டாம் என்றேன். டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குக் காட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எனக்கு எண்ணம். பிள்ளையும் நன்றாகத்தான் வளர்ந்தது. தின்றது, ஓடியது, பக்கத்து வீட்டுப் பையன்களை அடித்தது. அந்த அட்டை எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது.

இப்போது அவளுக்குப் பதினாறு. திருவொற்றியூரில் பதினொன்றாவது படிக்கிறாள். மருமகன் ஜெகதீசன் விசைப்படகில் போனால் வரப் பத்து நாள் ஆகும். செல்லம்மா இறால் கம்பெனியில் தோல் உரிக்கப் போய்விடுவாள். பள்ளிக்கூடம் விட்டால் வீட்டில் நானும் பேத்தியும்தான்.

பொங்கல் கழித்து ஒருநாள், "தாத்தா, மண்ட இடிக்குது" என்றாள்.

"படிப்பா, போனா?"

"ரெண்டும்."

எங்கள் பக்கம் உடம்பு வலித்தால் யாரும் டாக்டரிடம் போவதில்லை. மெடிக்கலில் போய் ஒரு செட்டு என்றால் போதும். கடைக்கார ஜுபைர் ஒரு சின்ன காகிதக் கவரில் மூன்று மாத்திரை போட்டுத் தருவான். ஒன்று வெள்ளை, ஒன்று மஞ்சள், ஒன்று ரோஸ். நாங்கள் பேர் கேட்க மாட்டோம், அவனும் சொல்ல மாட்டான். கூடை தூக்குகிறவன், ஐஸ் உடைக்கிறவன் எல்லோரும் அதைப் போட்டுக்கொண்டுதான் மறுநாள் வேலைக்கு வருவார்கள். டாக்டரை நம்பாத நான் ஜுபைரை நம்பினேன். அவன் என்னை ஒருநாளும் வரிசையில் நிற்க வைத்ததில்லை.

அதையும் நான் குருட்டாம்போக்கில் கொடுக்கவில்லை. வீட்டில் பழைய தராசு ஒன்று இருக்கிறது, மேலே ஏறி நிற்கிற மாதிரி. அதில் ஏறச் சொன்னேன்.

"இன்னா தாத்தா, என்னிய ஏலம் வுடப் போறியா?"

"ஏறுடி. ஆடாம நில்லு."

நாற்பத்து நாலு. நான் அறுபத்தாறு. எனக்கு மூன்று மாத்திரை என்றால் அவளுக்கு இரண்டு. ரோஸ் மாத்திரையை எடுத்து வைத்துவிட்டேன். அது பார்க்கவே முரடாக இருந்தது.

அரை மணி நேரத்தில் தலைவலி போய்விட்டது.

"உங்கம்மாகிட்ட சொல்லாத. பேஜாரு பண்ணுவா" என்றேன். சொல்லவில்லை. வாரத்துக்கு ஒருநாள் கேட்டாள். பிறகு இரண்டு நாள். ஆடி மாதம் வந்தபோது ஒருநாள் விட்டு ஒருநாள் ஆகிவிட்டது. நானும் கையிருப்பு வைத்துக்கொண்டேன்.

ஆவணியில் பள்ளிக்கூடத்தில் மருத்துவ முகாம் போட்டார்கள். எல்லாப் பிள்ளைகள் கையிலும் பட்டை கட்டிக் காற்றடித்துப் பார்த்தார்கள். நர்மதாவுக்கு நூற்று ஐம்பத்திரண்டு. உடனே வீட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். செல்லம்மா வேலையில் இருந்தாள், நான் போனேன்.

"மிஷினு ரிப்பேரு" என்றேன்.

"நல்லாத்தான் சார் இருக்கு" என்றார் முகாமுக்கு வந்தவர்.

"அப்போ எனக்குப் பாரு."

எனக்கு நூற்று எழுபத்தாறு காட்டியது. எனக்கு ஒரு குறையும் கிடையாது. ஆகவே மிஷின் ரிப்பேர்தான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. அவர் என் பேரையும் எழுதிக்கொண்டார்.

ஒரு தராசை நம்பி நான் ஒருநாளும் மீன் கொடுத்ததில்லை. நம் தராசு, வியாபாரி தராசு, சந்தேகம் வந்தால் மூன்றாவதாக வெளித் தராசு. அதனால் பேத்தியை ஜுபைர் கடைக்குக் கூட்டிப்போனேன். அவனிடமும் ஒரு மிஷின் இருக்கிறது. நூற்று நாற்பத்தொன்பது. அவன் முகம் மாறிப்போய், "பெரியவரே, இது எங்கிட்ட வர கேஸ் இல்ல" என்றான். விம்கோ நகரில் ஒரு கிளினிக்குக்குப் போனோம். நூற்று ஐம்பத்து நாலு. மூன்று தராசும் ஒரே எடை சொன்னால் அப்புறம் மீனோடு சண்டை போட முடியாது. அன்று சாயந்திரம் செல்லம்மாவிடம் பிரஷரை மட்டும் சொன்னேன்.

பெரியாஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் எடுத்தார்கள், இதயத்துக்கும் கிட்னிக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் பேர் தஹ்சீன். வண்ணாரப்பேட்டைப் பெண். வயது முப்பதுகூட இருக்காது.

"கொற மாசமா?" என்று கேட்டார்.

"ஏழு மாசம் மேடம்" என்றாள் செல்லம்மா.

"கிட்னிக்குள்ள சின்னச் சின்னதா லட்சக்கணக்குல வடிகட்டி இருக்கும்மா. அதுல பாதிக்கு மேல வயித்துக்குள்ள கடைசி மூணு மாசத்துலதான் உருவாகும். இவ அதுக்குள்ள வெளிய வந்துட்டா. கம்மி வடிகட்டி, ஆனா முழு வேலை. சில பேருக்கு வருஷங் கழிச்சுப் பிரஷர் ஏறும், இதயத்தோட சுவர் தடிக்கும். எல்லாருக்கும் வராது. வருதான்னு பாக்கத்தான் வருஷா வருஷம் கூட்டி வரச் சொல்றது."

செல்லம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். அதில் உப்பைக் குறைக்கச் சொல்லி ஒரு படம் ஒட்டியிருந்தார்கள்.

"இதயத்துல லேசா தடிப்பு இருக்கு. பிரஷர எறக்குனா சரியா வரும். ஆனா கிட்னி இந்த வயசுல இவ்ளோ கெட்டிருக்கக் கூடாது. வலி மாத்திர, நாட்டு மருந்து எதுனா சாப்புடறாளா?"

"ஒன்னும் கெடையாது மேடம். எங்க நைனாக்கு டாக்டருன்னாலே ஆவாது. வூட்ல மாத்திரையே கெடையாது" என்றாள் செல்லம்மா.

நர்மதா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. நான் சொல்லாதே என்று சொன்னதை அவள் இன்னும் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். நானும் வாயைத் திறக்கவில்லை.

டாக்டர் எழுத ஆரம்பித்தார். "அப்போ காரணம் தெரியல. பெட்ல சேத்துருங்க. முதுகுப் பக்கமா ஊசி வுட்டு கிட்னில ஒரு துணுக்கு எடுத்துப் பாக்கணும்."

"வலிக்குமா மேடம்?" என்றாள் நர்மதா.

"மரத்துப் போக ஊசி போடுவோம்மா."

"மாத்திர நான்தான் குடுத்தேன்" என்றேன்.

டாக்டர் பேனாவை நிறுத்தினார். "இன்னா மாத்திர?"

"செட்டு. வெள்ள ஒன்னு, மஞ்ச ஒன்னு."

"எத்தினி நாளா?"

"தை மாசத்துலேர்ந்து. மொத வாரத்துக்கு ஒருநாளு. இப்போ ஒருநாளு வுட்டு ஒருநாளு. எடை பாத்துத்தான் குடுத்தேன். நான் அறுவத்தாறு, அது நாப்பத்து நாலு. மூணுல ரெண்டு."

டாக்டர் எழுதியதைக் கோடு போட்டு அடித்தார். அப்புறம் சொன்னார்: "கணக்கு சரிதான் பெரியவரே. ஆனா வலி மாத்திர கிட்னியத்தான் கெடுக்கும், இவ கிட்னி நாப்பத்து நாலு கிலோ ஆளோட கிட்னி இல்ல. ஒரு கிலோ கொழந்தையோட மிச்சம். நீங்க தராசுல வெச்சது அத இல்ல."

செல்லம்மா எழுந்து நான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கும் நர்மதாவின் நாற்காலிக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள். "நீ வெளிய போய் ஒக்காரு நைனா" என்றாள். போய் உட்கார்ந்தேன்.

ஊசியை அன்றைக்கு வேண்டாம் என்று நிறுத்தி வைத்தார்கள். அந்த மாத்திரையை அடியோடு விட்டு, பிரஷர் மாத்திரை ஒன்று மட்டும் எழுதி, மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார்கள்.

மூன்று மாதம் செல்லம்மா என்னோடு பேசியது சாப்பாடு வைக்கும்போது மட்டும். கருவாடு கிடையாது, ஊறுகாய் கிடையாது. உப்பில்லாத குழம்பை எனக்கும் ஊற்றினாள். என் பிரஷருக்கா, தண்டனைக்கா என்று கேட்கவில்லை.

கார்த்திகையில் செல்லம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் நர்மதாவும் பஸ்ஸில் போனோம். டாக்டர் அறை வாசலில் திரைதான். பேசுவதெல்லாம் வெளியே கேட்கும்.

"கிட்னி நல்லா தேறிகினு வருது. ஊசி வேணாம். பழையபடி முழுசா ஆவாது, ஆனா இதோட நிக்கும். பிரஷர் மாத்திர தெனம் போடணும். வருஷா வருஷம் இங்க வரணும், இருவது ஆனாலும், முப்பது ஆனாலும். புள்ள உண்டானா மொத மாசமே வந்து சொல்லணும். கூட யாரு வந்துக்கீறாங்க?"

"தாத்தா. வெளிய கீறாரு."

"உள்ள கூப்புடு, சொல்றேன்."

"வேணாம் மேடம். எங்கிட்ட சொல்லுங்க. நான்தான வரப்போறேன்."

டாக்டர் அவளிடம் எல்லாவற்றையும் இன்னொரு தடவை சொன்னார். அவள் ஒவ்வொன்றுக்கும் சரி மேடம் என்றாள். நானும் வெளியிலிருந்து கேட்டுக்கொண்டேன்.

பிறகு மருந்து வாங்குகிற வரிசையில் போய் நின்றாள். நீளமான வரிசை. நானும் அவள் பின்னால் நின்றேன். எங்கள் முறை வர ஒரு மணி நேரம் ஆனது. ஜன்னலில் ஒரு மாத மாத்திரையைக் கொடுத்தார்கள்.

"பஸ்ஸு வந்துரப் போவுது, வா தாத்தா" என்று ஃபைலை என் கையில் கொடுத்தாள். கனமான ஃபைல். மாத்திரைக் கவரை அவளே வைத்துக்கொண்டாள்.