தண்ணீர் குடிக்காத பழக்கம்

கட்டட வேலையில் அவளுக்கு ஒட்டகம் என்று பெயர். காலையில் சாந்துச்சட்டியைத் தலையில் ஏற்றினால் வேலை முடியும்வரை ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்க மாட்டாள். பெண்கள் ஒதுங்க மறைவில்லாத இடங்களில் உடம்பை அப்படிப் பழக்கியிருந்தாள். அதில் கொஞ்சம் திமிரும் உண்டு.

கர்ப்பப்பை வாயில் புற்று என்று ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சு வைக்க ஆரம்பித்தபோது, கதிர் மெஷினைப் பார்க்கும் பெண் படித்துப் படித்துச் சொன்னாள்: "நிறையத் தண்ணி குடிச்சிட்டு, ஒண்ணுக்குப் போகாம வந்து படுக்கணும்க்கா." முதல் நாள் கண்ணெதிரே குடிக்க வைத்தார்கள். பிறகு "குடிச்சீங்களா" என்ற வாய்க்கேள்வி மட்டும்தான். படுத்த இடத்திலேயே நனைத்துவிட்டால் மானம் போய்விடுமென்று தினமும் காலியாகப் போய், "முட்ட முட்டக் குடிச்சிருக்கேன்" என்றாள். வயிற்றால் போகத் தொடங்கியதும் நாக்கை நனைப்பதையும் குறைத்தாள்.

இன்று, ஒரு வாரம் முடிந்து, கதிர் சரியான இடத்தில் விழுகிறதா என்று பார்க்க எடுக்கும் முதல் படம். எடுத்ததும் அந்தப் பெண் அவளை இறக்கித் திரைமுன் நிறுத்தினாள்.

"பாருங்க, மூத்திரப்பை சுருங்கிக் கெடக்கு. நிறைஞ்சிருந்தா குடலை மேல தள்ளும். இப்ப குடல் சரிஞ்சு கதிர் விழற எடத்துல கெடக்கு."

"புத்து கர்ப்பப்பை வாயிலதானே? குடல் பக்கம் உங்களுக்கு என்ன வேலை?"

"கால்ல புண்ணு வந்தா தொடையிடுக்குல நெறி கட்டுமே, அந்த மாதிரி நெறி இடுப்புக்குள்ளயும் இருக்கு. புத்து அங்க ஏறியிருக்கலாம்னுதான் அகலமா வைக்கிறோம்."

"அப்ப... குடலை வேக வச்சது நானா?"

அந்தப் பெண் டாக்டரைத் தேடிப் போனாள்.

"அடிப்பாவி அண்ணி!" துணைக்கு வந்த நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். "மூட்டை சிமெண்டு சுமப்பே, அரை லிட்டர் தண்ணி சுமக்க மாட்டியா?"

கதிரை நிறுத்த வேண்டாம், மூத்திரப்பையை நிரப்பி வைத்துத் தொடருங்கள் என்றார் டாக்டர். வயிற்றால் போவதைத் தனியாகப் பார்ப்பாராம். அவள் பாட்டிலை வாயில் கவிழ்த்தாள். அவசரத்தில் பாதி முகவாயில் வழிந்தது. நாத்தனார் இன்னொன்றை நீட்டினாள்.

கதிர் முடிந்து இறங்கியபோது காலடியில் தரை நனைந்தது.

"பரவால்லக்கா, தொடச்சுக்கலாம்" என்றாள் அந்தப் பெண்.

அவள் தரையைப் பார்க்கவேயில்லை. அடிவயிற்றை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே எது வெந்திருக்கிறது, எது மிச்சம் என்று கைக்குத் தெரியவில்லை.