வயிற்றுக்கடியில் தொங்கிய பலகை

லிஃப்ட் மெக்கானிக்கை அவருடைய மச்சான் தொடர்ந்து ஒன்பது ஞாயிற்றுக்கிழமைகளாகச் சுட்டு வீழ்த்திக்கொண்டிருந்தான். கம்ப்யூட்டரில்தான். நேரில் பார்த்தால் தோளில் கைபோட்டுப் பேசிக்கொள்கிற ரகம் இருவரும். ஆனால் ஞாயிறு காலை பத்து மணிக்கு அவரவர் வீட்டில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் உறவுமுறையெல்லாம் மேகத்துக்குக் கீழே போய்விடும்.

சின்னப் பிள்ளைகள் பொத்தானைத் தட்டி டிஷ்யூம் டிஷ்யூம் என்று சுடுகிற சமாச்சாரம் இல்லை அது. பழைய காலத்துப் போர் விமானம் ஒன்றைக் குழாய் குழாயாக, கம்பி கம்பியாகக் கம்ப்யூட்டருக்குள் கட்டி வைத்திருந்தார்கள். எஞ்சினைக் கிளப்புவதற்கே பதினான்கு வேலை. பெட்ரோல் குழாயைத் திறக்க மறந்தால் ஓடுபாதையின் நட்டநடுவில் எஞ்சின் விக்கி நின்றுவிடும். வளைவைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தால் விமானிக்குக் கண் இருட்டும். கூடவே திரையும் இருண்டுவிடும். மெக்கானிக்குக் கிளப்பக் கற்றுக்கொள்ளவே மூன்று வாரம் ஆனது. அதனாலேயே அது அவருக்குப் பிடித்தும் போனது. "இது பொய் சொல்லாத மெஷின்" என்பார்.

மச்சானை இதில் இழுத்துவிட்டதும் அவர்தான். மச்சான் என்றால் மனைவியின் தம்பி, பேக்கரி வைத்திருப்பவன். மாவு பிசைந்து பழகிய கை. விமானத்தைத் திருப்புகிற ஜாய்ஸ்டிக்கையும் அப்படியே பிசைந்தான். முதல் வருஷம் முழுக்க மெக்கானிக்தான் ஜெயித்தார். ஜெயித்ததோடு விட்டாரா? "உன் விமானத்துல பன் வாசனை வருது மச்சான், அதான் ஈசியா கண்டுபிடிச்சுடறேன்" என்று வம்புக்கும் இழுத்தார். அப்புறம்தான் காற்று திசை மாறியது.

இப்போதெல்லாம் எவ்வளவு முடுக்கினாலும் அவர் விமானம் ஓடவில்லை. உச்ச வேகத்துக்கு நாற்பது ஐம்பது கிலோமீட்டர் குறைவாகவே முள் நின்றது. மேலே ஏறச் சொன்னால் மூட்டுவலிக்காரர் மாடிப்படி ஏறுவது போல ஏறியது. "மாமா, தூங்கிட்டீங்களா?" என்று ஹெட்போனில் குரல் வரும். அடுத்த நொடி முதுகுப் பக்கம் தடதடவென்று சத்தம், ஒரு இறக்கை பிய்ந்து பறக்கும், பிறகு திரை முழுக்க வயல்.

"விமானத்துல ஏதோ கோளாறு" என்றார் மெக்கானிக், ஒன்பதாவது முறை வயலில் விழுந்த பிறகு.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றான் மச்சான்.

அந்தச் சொல் மெக்கானிக்கைத் தைத்தது. நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவில் தொங்குகிற லிஃப்டை இருபது நிமிஷத்தில் இறக்குகிற மனுஷர் அவர். கோளாறு என்று ஒன்று இருந்தால் அது அவர் கையிலிருந்து தப்புவதாவது!

திங்கட்கிழமை வேலை முடிந்து வந்ததும் ஆரம்பித்தார். கம்ப்யூட்டரைக் கழற்றித் தூசி தட்டினார். போகவில்லை. உள்ளே விசிறியை மாற்றினார். போகவில்லை. படத்தின் தெளிவைக் குறைத்துப் பார்த்தார். மலைகளெல்லாம் ரொட்டித் துண்டு மாதிரி சதுரமாகிப் போயினவே தவிர விமானம் அதே சண்டித்தனம் செய்தது. இணையத்தில் இந்த விளையாட்டுக்காரர்கள் கூடிப் பேசுகிற மன்றத்தில் கேள்வி கேட்டார். ஒருவர் எஞ்சினைச் சூடாக்காமல் கிளப்புகிறீர்கள் என்றார். இன்னொருவர் அதிகம் சூடாக்குகிறீர்கள் என்றார். மூன்றாமவர், விமானத்தில் கோளாறு இல்லை, விமானியை மாற்றிப் பாருங்கள் என்று எழுதிச் சிரிக்கிற பொம்மை ஒன்றும் போட்டிருந்தார். வியாழக்கிழமை, வருவது வரட்டும் என்று மொத்த விளையாட்டையும் அழித்துவிட்டு மறுபடி ஏற்றினார். ஏறி முடிக்க ஆறு மணி நேரம். குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்த கதையாக, முன்பு ஒழுங்காக வேலை செய்த பிரேக்கும் இப்போது வேலை செய்யவில்லை.

சனிக்கிழமை காலை அவர் மேஜைக்கடியில் தலையை விட்டு ஒயர்களைப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருந்தபோது மனைவி வந்து நின்றாள். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுப்பவள். நாள் முழுக்கக் கறுப்பு வெள்ளைப் படத்தில் இருக்கக் கூடாதது எங்கே இருக்கிறது என்று தேடித் தேடிப் பழகிய கண் அவளுக்கு.

"என்னங்க, லிஃப்ட் நின்னு போச்சுன்னு எல்லா பட்டனையும் போட்டு அமுக்கறவங்களை நீங்க என்ன சொல்லுவீங்க?"

மேஜைக்கடியில் இன்னொரு ஒயர் பிடுங்கப்பட்டது.

"'அறிவிருக்கா'ன்னு கேப்பீங்க. நீங்களே சொல்லியிருக்கீங்க."

"இது வேற, அது வேற" என்றபடி நிமிர்ந்தவர் தலையை மேஜையில் இடித்துக்கொண்டார்.

"ஒண்ணும் வேற இல்ல. எங்க வலிக்குதுன்னு பாக்காமலே ஆபரேஷன் பண்றீங்க. முதல்ல படம் எடுத்துப் பாக்க வேண்டாமா?"

"விமானத்துக்கு எங்கேர்ந்து ஸ்கேன் எடுக்கறது?"

"எடுத்துத்தான் வச்சிருக்கானே, என் தம்பி!" என்று போனை நீட்டினாள்.

உண்மைதான். போன ஞாயிற்றுக்கிழமை ஜெயித்த கையோடு மச்சான் அந்தச் சண்டையை வீடியோவாகப் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தான். 'மாமாவின் கடைசி நிமிடங்கள்' என்று தலைப்பு வேறு. அத்தை, சித்தப்பா உட்பட பதினேழு பேர் கைதட்டியிருந்தார்கள். மெக்கானிக் மட்டும் அதைத் திறந்தே பார்க்கவில்லை. தன் சாவைத் தானே உட்கார்ந்து பார்க்க யாருக்குத்தான் மனசு வரும்?

இருவரும் சோபாவில் உட்கார்ந்து பார்த்தார்கள். மச்சானின் விமானத்துக்கு முன்னால், கொஞ்சம் மேலே, மெக்கானிக்கின் விமானம் திணறித் திணறிப் பறந்துகொண்டிருந்தது. மனைவி நிறுத்தினாள். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். பிறகு மச்சானின் விமானம் ஒரு முறை வெளியிலிருந்து முழுசாகத் தெரிந்த இடத்துக்குப் போய் அதையும் பெரிதாக்கினாள்.

"அவன் விமானத்துல வயிறு வழவழன்னு இருக்கு. உங்களுதுல அடியில என்னமோ பலகை தொங்குதே, அது என்ன?"

மெக்கானிக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். முகம் போன போக்கை எழுத்தில் கொண்டுவர முடியாது.

எஞ்சினைக் குளிர வைக்கும் ரேடியேட்டருக்குக் காற்று விடுகிற மூடி அது. சூடு ஏறும்போது திறக்க வேண்டும், வேகம் வேண்டுமென்றால் மூட வேண்டும். திறந்து கிடந்தால் காற்றெல்லாம் அதில் மோதி விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும். ஒன்பது வாரமாக அவர் அதை முழுக்கத் திறந்து போட்டுக்கொண்டு, விரித்த குடையோடு ஓட்டப்பந்தயத்தில் ஓடியவர் மாதிரி பறந்திருக்கிறார்!

இப்போது தேட வேண்டிய இடம் ஒன்றே ஒன்றாகிவிட்டது. கம்ப்யூட்டரை இயக்கி, விமானத்தை வெளியிலிருந்து பார்க்கும்படி திரையை மாற்றினார். மேஜையில் இடது கைப் பக்கம் இரண்டு நெம்புகோல்கள். முதலாவது எஞ்சினை முடுக்க. அதைத் தள்ளினார், எஞ்சின் உறுமியது, சரி. இரண்டாவது முன்பக்கக் காற்றாடியின் சுழற்சிக்கு. சண்டை ஆரம்பித்ததும் அதை முழுக்க முன்னால் தள்ளுவது அவர் வழக்கம். மெல்லத் தள்ளினார். காற்றாடி அதுபாட்டுக்குச் சுற்றியது. வயிற்றுக்கடியில் பலகை மட்டும் நிதானமாகக் கீழே இறங்கியது.

"அட கடவுளே" என்றார்.

விஷயம் இவ்வளவுதான். இரண்டு மாதத்துக்கு முன் மேஜையை ஜன்னல் ஓரம் நகர்த்தியபோது நெம்புகோலின் ஒயரை வேறு ஓட்டையில் செருகியிருந்தார். கம்ப்யூட்டர் அதைப் புதுச் சாமான் என்று நினைத்துக்கொண்டது. விளையாட்டு தன் இஷ்டத்துக்கு இரண்டாவது நெம்புகோலை ரேடியேட்டர் மூடிக்குக் கொடுத்துவிட்டு, காற்றாடியைத் தானே பார்த்துக்கொண்டது. அதனால் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. வியாழக்கிழமை அழித்து ஏற்றியும் ஒயர் அதே ஓட்டையில்தானே இருந்தது! இப்போது நெம்புகோலைக் காற்றாடிக்கும், மூடியைப் பக்கத்திலிருந்த ஒரு திருகுக்கும் மாற்றினார். பிரேக்கையும் சரி செய்தார். எல்லாம் சேர்ந்து நாலு நிமிஷம்.

"இருங்க" என்றாள் மனைவி. "பின்னாலேர்ந்து பாத்தா இவ்வளவு தெளிவாத் தெரியுதே. அப்போ அவனுக்கு..."

"தெரிஞ்சிருக்கு" என்றார் மெக்கானிக். "ஒன்பது வாரமாத் தெரிஞ்சிருக்கு!"

"சொல்லாதீங்க. நேரா போய் மூக்கை உடைங்க. என் தம்பியேன்னு பாக்காதீங்க."

மறுநாள் பத்து மணிக்கு விமானம் வில்லிலிருந்து விட்ட அம்பாகப் பறந்தது. மெக்கானிக்குச் சந்தோஷத்தில் வாயெல்லாம் பல்.

"என்ன மாமா, இன்னிக்கு என்னமோ வேகமா வர்றீங்க?" மச்சானின் குரலில் சுருதி இறங்கியிருந்தது.

"நல்லாத் தூங்கி எழுந்தேன் மச்சான்."

துரத்தினார். மச்சான் வளைந்தான், இவரும் வளைந்தார். மேலே ஏறினான், இவரும் ஏறினார். இதோ குறிக்குள் வந்துவிட்டான் என்ற நேரத்தில் திரையில் வெள்ளைப் புகை. எஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றே போனது. ஒன்பது வாரமாக மூடி திறந்தே கிடந்ததால் சூடு என்கிற ஒன்று இருப்பதையே மனுஷர் மறந்து போயிருந்தார். பத்தாவது முறையாக வயல்.

ஆனால் இந்த முறை அவருக்குக் கோபம் வரவில்லை. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். தோற்ற காரணம் தெரிந்துவிட்டால் தோல்வியில் பாதி காணாமல் போய்விடுகிறது.

"இன்னொரு தடவை மச்சான்" என்றார்.

இம்முறை மனைவி சமையலறை ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். "அந்தச் சூட்டு முள்ளை நான் பாத்துக்கறேன். நீங்க அவனைப் பாருங்க."

ஏறினார்கள். மேகத்தைத் தாண்டினார்கள். "தொண்ணூறு" என்றாள். "தொண்ணூத்தேழு... நூத்தி மூணு, கொஞ்சம் திறங்க. போதும், மூடுங்க."

"அக்கா குரல் கேக்குதே!" என்று அலறினான் மச்சான். "ரெண்டு பேர் சேர்ந்து ஒருத்தனை அடிக்கறது என்ன நியாயம்?"

"ஒன்பது வாரமா பலகை தொங்கறதைப் பாத்துக்கிட்டே சுட்டியே, அது என்ன நியாயம்டா?" என்றாள் அக்கா.

அக்கா திட்டிக்கொண்டிருந்தபோதும் ஆள் சும்மா இல்லை. அந்த இடைவெளியில் ஒரு கரணம் போட்டு மெக்கானிக்கின் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டுவிட்டான். குண்டுகள் இறக்கையை உரசிக்கொண்டு போயின. இடது பக்கம் ஒடித்தார், அவனும் ஒடித்தான். "நூத்திப் பத்து! கொதிக்குது!" என்று மனைவி கத்தினாள். "திறங்க, முழுசாத் திறங்க!"

அந்த நொடியில் மெக்கானிக்குப் பொறி தட்டியது. திருகை ஒரே திருப்பாகத் திருப்பினார். எஞ்சின் முடுக்கத்தையும் சட்டென்று பின்னுக்கு இழுத்தார். பலகை இறங்கியது. விமானம் யாரோ வாலைப் பிடித்து இழுத்தது போலத் தயங்கியது. முழு வேகத்தில் வந்துகொண்டிருந்த மச்சானால் நிறுத்த முடியவில்லை. தலைக்கு மேல் சர்ரென்று கடந்து நேராக முன்னால் போய் நின்றான். மெக்கானிக் இரண்டே இரண்டு தடவை சுட்டார்.

"வால் போச்சு! அக்கா, என் வால் போச்சு!" என்றான் மச்சான். தூரத்தில் ஒரு பாராசூட் வெள்ளையாக விரிந்தது. மனைவி ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்து கைதட்டினாள்.

மத்தியானம் மச்சான் நேரிலேயே வந்தான். கையில் சூடான ரொட்டி, முகத்தில் அசட்டுச் சிரிப்பு. அக்கா கதவைப் பாதிதான் திறந்தாள்.

"திருட்டு முழி முழிக்காதே. ஏன்டா சொல்லலே?"

"முதல் வாரம் சொல்லலாம்னுதான் இருந்தேன்க்கா" என்றான். "அதுக்குள்ள சுட்டுட்டேன். செஸ்ல மாமா ஜெயிக்கறார், சீட்டுல மாமா ஜெயிக்கறார், என் கடை அடுப்புல கோளாறுன்னாக்கூட எனக்கு முன்னாடி மாமா கண்டுபிடிக்கறார். ஒரு தடவை ஜெயிச்சதும் ருசி பிடிச்சுப் போச்சு. அடுத்த வாரம் சொல்லிடலாம், அடுத்த வாரம் சொல்லிடலாம்னு..."

மெக்கானிக் பத்து நிமிஷம் திட்டுவதற்கு வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தார். முதல் வருஷம் அவனைப் பன் வாசனை, மாவு விமானம் என்றெல்லாம் கேலி பேசியது ஏனோ அப்போது ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது.

"வீடியோவுக்குத் தலைப்பு மட்டும் நல்லா வச்சிருந்தே" என்றார். "உள்ள வா, பசிக்குது."

ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டே பேசியதில் ஒரு உடன்படிக்கை பிறந்தது. இனி ஒருவரை ஒருவர் துரத்துவதில்லை. அந்த மன்றத்தில் வாரா வாரம் ஜோடி ஜோடியாகப் போட்டி நடத்துகிறார்கள். அதில் மாமாவும் மச்சானும் ஒரே ஜோடி. சூடு, பெட்ரோல், எதிரி வருகிற திசை எல்லாவற்றையும் இருவருக்கும் கூப்பிட்டுச் சொல்வது அக்காவின் வேலை. "ரெண்டு பேரும் நான் சொல்றதைக் கேக்கணும்" என்பது அவள் போட்ட ஒரே நிபந்தனை.

அடுத்த ஞாயிறு முதல் போட்டி. எதிரணியினர் வெளிநாட்டில் எங்கோ இருக்கிற இரண்டு கில்லாடிகள். நம் ஜோடி பதினான்கு வேலைகளையும் ஒன்றுவிடாமல் செய்து எஞ்சினைக் கிளப்பியது. சூடு சரி, பெட்ரோல் சரி, மூடி சரி.

"நீங்க முன்னாடி போங்க மாமா" என்றான் மச்சான் மரியாதையாக.

"நீ போ மச்சான், நான் பின்னாடி வரேன்" என்றார் மெக்கானிக் பெருந்தன்மையாக.

"ஐயோ, யாராவது ஒருத்தர் நில்லுங்க!" என்று அக்கா கத்தி முடிப்பதற்குள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கிளம்பி, ஓடுபாதை வாசலில் இறக்கையோடு இறக்கை மாட்டி, ஒன்றின் மேல் ஒன்றாகக் கவிழ்ந்தார்கள். எதிரணியினர் இன்னும் தரையை விட்டே எழவில்லை. ஹெட்போனில் மூன்று பேரின் சிரிப்புதான் கேட்டது.