ஒரு ரொன்னா மீட்டர் மேஜை

2015ஆம் ஆண்டு ஜூலை மாதம், செவ்ர் என்ற பிரெஞ்சு ஊரில், ரேஜிஸ் லார்பியே வீட்டுச் சாப்பாட்டு மேஜையின் நீளம் பிரபஞ்சத்தின் அகலத்தைத் தாண்டியது. வீடு மூன்றாம் மாடியில், அறுபத்திரண்டு சதுர மீட்டர். சுவர் எதுவும் விரியவில்லை. கீழ்வீட்டு மாடாம் ப்ருவோவின் கூரையில் ஒரு கீறல்கூட விழவில்லை. மேஜையின் ஒரு முனையில் ரேஜிஸ் இருந்தான், மறுமுனையில் அவன் மனைவி ஒதீல் இருந்தாள்.

ரேஜிஸுக்குக் குன்றின்மேல் இருக்கும், உலகத்துக்கே மீட்டரும் கிலோவும் வகுத்துக் கொடுக்கும் அளவை நிலையத்தில் வேலை. நல்ல மனிதன்தான், ஆனால் யாராவது ஓர் எண்ணைத் தப்பாகச் சொன்னால் பொறுக்காது. 2009இல் ஒதீலின் அம்மா ப்ரெஸ்ட் ஊர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். அடக்கம் முடிந்து ரயிலில் திரும்பிய ஒதீல், மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் மேஜையில் உட்கார்ந்து, "ஆயிரம் கிலோமீட்டர் வந்த மாதிரி இருக்கு" என்றாள். "அறுநூத்தி இருபத்து மூணு" என்றான் ரேஜிஸ், சூப்பை ஊதிக்கொண்டே. அவள் நிமிர்ந்து பார்த்தபோது அவன் ஒரு கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தான். சரியாக ஒரு மீட்டர் இருந்த மேஜை அது. குரல் மட்டும் பக்கத்து நாற்காலியிலிருந்து வருவது போலவே வந்தது. உப்பைக் கை மாற்ற முடியவில்லை என்பதால் மறுநாள் இன்னொரு உப்புக் குப்பி வாங்கினார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். அடுத்த வருஷம் ஒதீல், "ஜன்னல சாத்துன்னு நூறு தடவ சொல்லிட்டேன்" என்றாள். "பதினாலு தடவ" என்றான். மேஜை மெகா மீட்டர் ஆயிற்று. "நீ என்கிட்ட பேசி ஒரு யுகமாச்சு" என்றாள். "நேத்து காலைல ஏழேகாலுக்குப் பேசினேனே" என்றான். கிகா. ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஆயிரம் மடங்கு. டெரா, பெட்டா, எக்ஸா, ஸெட்டா எல்லாம் அடுத்த நான்கு வருஷத்தில் வந்து போயின. சமையலறையும் பின்படிக்கட்டும் ஒதீலுக்கு, படுக்கையறையும் முன்வாசலும் ரேஜிஸுக்கு என்று வீடு தானாகப் பிரிந்துகொண்டது. ரொட்டிக் கடையிலும் இருவரும் ஒரே நேரத்தில் நிற்க முடியவில்லை. ஒருவர் போன பிறகுதான் மற்றவருக்குக் கடை தென்பட்டது. கடைக்காரர் பழகிக்கொண்டார்.

2014 குளிர்காலத்தில் மேஜை யொட்டா மீட்டரைத் தொட்டது. அளவை முன்னொட்டுகளின் பெயர்ப் பட்டியலில் அதுதான் கடைசி. அடுத்த ஜூலையில் ஒதீல், "முப்பது வருஷத்துல ஒரு தடவகூட நீ என்கிட்ட மன்னிப்பு கேட்டதில்ல" என்றாள். "இருபத்தெட்டு வருஷம். ரெண்டு தடவ கேட்டிருக்கேன்." இம்முறை மேஜை போன தூரத்துக்குப் பெயரே இல்லை.

ஒதீல் அழவில்லை. "போதும், எழுந்து வா" என்றாள். ரேஜிஸுக்கும் போக ஆசைதான். அவள் முகத்தைப் பார்த்து ஆறு வருஷம் ஆகியிருந்தது, இரவில் அவளுடைய தலையணையைக் கட்டிக்கொண்டுதான் தூங்கினான். ஆனால் அவன் வேலை பார்த்த இடத்தின் வழக்கம் வேறு. எந்தத் தூரத்துக்குக் கிளம்பினாலும் முதலில் படிவத்தில் எழுத வேண்டும். எண்ணுக்கு மூன்று கட்டம், முன்னொட்டுக்கு ஒரு கட்டம், அலகுக்கு ஒரு கட்டம். ஆயிரம் யொட்டா என்று எழுத நான்கு கட்டம் வேண்டும்.

"கட்டத்துக்கு வெளிய ஒரு சைபர் போட்டா வானம் இடிஞ்சா விழும், மிசியே?" என்று மாடாம் ப்ருவோ மாடிப்படியில் வைத்துக் கேட்டாள். "பொண்டாட்டிகிட்ட போறதுக்கு எவனாவது படிவம் நிரப்புவானா?"

"அளக்காத தூரத்துக்குக் கிளம்பி நடுவழியில நின்னுட்டா என்ன பண்றது மாடாம்?"

"நடுவழி வரைக்குமாவது போயிருப்பீங்கல்ல."

அவன் கேட்கவில்லை. நான்கு வருஷத்துக்கு ஒருமுறை வெர்சாயில் உலக அளவை மாநாடு கூடும், புதுப் பெயருக்கு ஓட்டுப் போடுவார்கள், அதன்பின் முறைப்படி கிளம்பலாம் என்று மனுமேல் மனுவாக எழுதிப் போட்டான். 2018 மாநாடு கிலோகிராமுக்குப் புது விளக்கம் தருவதிலேயே முடிந்தது. ஒதீலிடம் சொன்னபோது, "நல்லதா போச்சு" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் அதிகம் பேசுவதை விட்டுவிட்டாள். பேசினால்தானே திருத்துவான். அந்த நான்கு வருஷ மௌனம்தான் ரேஜிஸை உண்மையிலேயே பயமுறுத்தியது.

2022 நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை ஓட்டு விழுந்தது. ஆயிரம் யொட்டாவுக்கு ரொன்னா, ஆயிரம் ரொன்னாவுக்குக் குவெட்டா. கணினித் தகவல் பெருகியதால் புதுப் பெயர்கள் வந்தன என்று பத்திரிகைகள் எழுதின. தனக்காகத்தான் வந்தன என்று ரேஜிஸ் நம்பினான். ரயிலேறி வீட்டுக்கு வந்து, தன் முனையில் உட்கார்ந்து, படிவத்தை நிரப்பி உரக்கப் படித்தான்.

"ஒரு ரொன்னா மீட்டர், ஒதீல். பேர் வந்தாச்சு."

மறுமுனையில் கரண்டிச் சத்தம் நின்றது. வெங்காய சூப் வாசனை வந்தது.

"நூறு வருஷம் காக்க வச்சுட்டியேடா" என்றாள் ஒதீல்.

ஏழு வருஷம், நான்கு மாதம், பதினொரு நாள். அந்தக் கணக்கு ரேஜிஸின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அவன் வாயும் திறந்துவிட்டது. குவெட்டா என்ற பெயர் அன்று மதியம்தான் நிறைவேறியிருந்தது. மேஜை போய்ச் சேர இடம் தயாராக இருந்தது. அவன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். மாடாம் ப்ருவோ கீழே தொலைக்காட்சியை அணைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டதாகப் பிறகு சொன்னாள்.

"ஆமா" என்றான் ரேஜிஸ். "நூறு வருஷம். தப்பு என்மேலதான்."

அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அந்த நாளிலிருந்து அடக்கி வைத்திருந்ததை எல்லாம் ஒதீல் அப்போதுதான் அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, "சூப் ஆறிடும், வா" என்றாள்.

அவன் எழுந்து மேஜையோரமாக நடந்தான். அந்தத் தூரத்தைக் கடக்க ஒளிக்குப் பத்தாயிரம் கோடி வருஷத்துக்கு மேல் ஆகும். ரேஜிஸ் போய்ச் சேர்ந்தபோது சூப் கொஞ்சம் ஊதிக் குடிக்கிற சூட்டில் இருந்தது. எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அவன் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

மேஜை குறையவே இல்லை, இன்றும் ஒரு ரொன்னா மீட்டர்தான். இருவரும் இப்போது சமையலறைப் பக்கமாக, ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ரேஜிஸின் பழைய தட்டும் கரண்டியும் அந்த முனையிலேயே கிடக்கின்றன. அவ்வளவு தூரம் போய் எடுத்து வர அவனுக்கு மனமில்லை. சந்தையில் புதிதாக ஒரு தட்டும் கரண்டியும் வாங்கிக்கொண்டான்.