டிர்க்கியும் மீட்டாவின் பாவாடையும்

தென்னாப்பிரிக்காவில் எங்கள் காமீஸ் மலையில் மழை ஓய்ந்து பூக்காடாகும் மாதத்தில் ஒரு கறுப்பு ஈ வரும். எள்ளைவிடக் கொஞ்சம் பெரியது. தேனீ மாதிரியே தேன் குடிக்கும், கொடுக்கு கிடையாது. ஆரஞ்சுப் பூவின் இதழில் பளபளவென்று ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும். ஆண் ஈக்கு அது பெண் ஈ! பாய்ந்து கட்டிப்பிடிக்கும், ஏமாறும், மேலெல்லாம் பூந்தூளோடு அடுத்த பூவுக்குப் போய் மறுபடி ஏமாறும்.

"இவ்வளவு முட்டாப்பயலா இருப்பானா ஒருத்தன்!" என்று டிர்க்கி வயிறு வலிக்கச் சிரித்தான். பக்கத்துப் பட்டியில் ஆடு மேய்க்கிறவன். ஈயைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவான். முக்கியமானதைக் கேட்க மட்டும் வாய் வராது. எங்களில் ஆண் வாய் திறந்தால்தான் அவன் வீட்டார் பெண் கேட்டு வருவார்கள். மூன்று வசந்தமாக இந்த மீட்டாவும் காத்திருந்தாயிற்று. மறுநாள் அவன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வேறு மேய்ச்சலுக்குப் போவதாக இருந்தான். இனி அடுத்த வசந்தம்தான். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

நாங்கள் மேய்ச்சலுக்குப் போகும்போது பட்டியோரப் புதரில் என் பழைய பாவாடையும் தலைத்துணியும் மாட்டிவிட்டுப் போவோம். ஆள் இருப்பதாக நினைத்து நரி ஆட்டுக்குட்டிகளிடம் வராது. அன்று சீக்கிரமே திரும்பினேன். பார்த்தால், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தப் புதர் முன்னால் டிர்க்கி!

"மீட்டா, நீ கத்துனா எனக்குப் பயம். கத்தலேன்னா அதைவிடப் பயம். எங்க வீட்ல பொண்ணு கேட்டு வரச் சொல்லட்டுமா?"

எனக்குச் சிரிப்பு பீறிட்டது.

"ஏய் டிர்க்கி! ஈயப் பாத்துச் சிரிச்சியே, இப்ப நீ யாரு? அந்தப் பாவாடையவே கட்டிக்கோ!"

திடுக்கிட்டுத் திரும்பினான். தொப்பியைப் போட்டுப் பிசைந்தான்.

"அது பாவாடைன்னு எனக்குத் தெரியாதா? அதைத் தைக்க ஊசி குடுத்ததே நான்தானே! உன் மூஞ்சியப் பாத்தா நாக்கு ஒட்டிக்குது. அதான் இதுகிட்ட சொல்லிப் பழகுறேன். பத்து நாளா."

பத்து நாளா! என் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"பாவாடை பதிலே சொல்ல மாட்டேங்குது," என்றான். "நீ சொல்லு."

என் வாய்க்குப் பயப்படாத ஆள் இந்த மலையில் கிடையாது. அந்த வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. தலையை ஆட்டினேன்.

"சத்தமா," என்றான், திமிர் பிடித்தவன்.

"வரச் சொல்லு," என்றேன், பாவாடையைப் பார்த்து.