ஒத்தக் கம்மல்

பெண்களுக்கு முடி வெட்டும் அந்தக் கடைக்காரிக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று உண்டு. யார் அதைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்? தெருவுக்கு அவள் ஒத்தக் கம்மல்தான். இப்போது இரண்டு காதிலும் போடுகிறாள். பட்டம் மட்டும் கழலவில்லை. பள்ளிக்கூட வயதில் ஒரு பாடகி மேல் பிடித்த பைத்தியம் கொடுத்த பட்டம் அது.

சாதாரணப் பைத்தியமா? கூட்ட நெரிசலில் எவனோ ஒரு ரசிகன் அந்தப் பாடகியின் கம்மலைப் பிடித்து இழுத்ததில் இடது காது கிழிந்துபோனது. ஆசையாகத்தான் இழுத்தானாம். காது ஆறி வெளியே வந்தவள் போட்ட ஆல்பம்தான் 'வெள்ளிக் காய்ச்சல்'. இடுப்புவரை நேராக விழும் கூந்தல், நெற்றியோரம் ஒரு கீற்று வெள்ளிச் சாயம், இடது காது வெறுமை. அந்தக் கீற்று இருந்த காலம் முழுக்க அந்தக் காதில் அவள் ஒரு பொட்டுக் கம்மல்கூடப் போடவில்லை. அவள் போடாததை ரசிகைகள் போடுவார்களா? ஒத்தக் கம்மலின் அம்மா, இன்னொன்றை எந்தக் காக்கா தூக்கிக்கொண்டு போனது என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்தாள். முன்பின் தெரியாத பெண் ஒற்றைக் கம்மலோடு பேருந்தில் ஏறினால், அவளும் இவளும் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். அன்றைக்கெல்லாம் வயிறு நிறைந்துவிடும். அப்புறம் பாடகி பாட்டையே விட்டாள், ஊரும் மறந்தது. இவளுக்கு மட்டும் காய்ச்சல் இறங்கவே இல்லை.

ஆகவே அன்று மத்தியானம் நாற்பது தாண்டிய ஒருவர் ஒரு சின்னப் பெண்ணை அழைத்துக்கொண்டு வந்து, 'வெள்ளிக் காய்ச்சல்' மாதிரி செய்துவிட வேண்டும் என்றதும் அவள் உருகிப்போனாள். அடுத்த வாரம் இவர்களுக்குக் கல்யாணமாம். ஆல்பத்தின் முதல் பாட்டை அவர் முணுமுணுக்க, இவள் அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தாள். பெண்ணின் கைப்பை அவர் தோளில் தொங்கியதையோ, பெண்ணைக் கேட்ட கேள்விக்கெல்லாம் அவரே பதில் சொன்னதையோ அந்தச் சந்தோஷத்தில் யார் கவனித்தார்கள்? அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்துக் கண்ணாடிச் சட்டத்தில் செருகினார். பாடகி படம், அச்சு அசலாக இப்படியே வர வேண்டும் என்றார். வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார்.

பழைய படம். ஓரம் நைந்து, இடது காதுப் பக்கம் பின்னால் மடிந்திருந்தது. ஒத்தக் கம்மல் பெண்ணின் கூந்தலைச் சீவியபடியே பழங்கதை பேசினாள். அந்தப் பெண் பாட்டையே கேட்டதில்லையாம்; அவருக்குப் பிடிக்கும், அவ்வளவுதான் தெரியுமாம்.

"அப்ப இந்தக் காதப் பாரு, கதை சொல்றேன்" என்று படத்தை எடுத்து மடிப்பைப் பிரித்தாள்.

இடது காதில் கம்மல் இருந்தது.

ஒத்தக் கம்மலுக்கு அந்தக் காலத்துப் படம் ஒவ்வொன்றும் தன் உள்ளங்கை மாதிரி. வெள்ளிக் கீற்றும் இரண்டு கம்மலும் சேர்ந்த படம் உலகத்திலேயே கிடையாது. நெருங்கிப் பார்த்தாள். மூக்கு வேறு, மோவாய் வேறு. கூந்தலும் சாயமும் கண்ணை ஏமாற்றியிருந்தன. யாரோ ஒரு பெண், சிரிக்கச் சொன்னதால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இது அந்தப் பாடகி இல்லம்மா" என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

பெண்ணின் கண் காதில் இல்லை. மடிப்புக்குள் மறைந்திருந்த சுவர் விளக்கில் இருந்தது. மூடியில் ஒரு சில்லு உடைந்த விளக்கு. "இந்த வெளக்கு அவர் வீட்டு ஹால்ல இருக்கு, அக்கா."

பெண் படத்தைக் கையில் வாங்கிக்கொண்டாள். தனக்கு முன்னால் எந்தப் பெண்ணும் அந்த வீட்டுக்கு வந்ததில்லை என்று அவர் சொல்லியிருந்தாராம். ஒரு வெள்ளி நிறச் சட்டையும் கொடுத்திருக்கிறாராம். புதுசு என்றாராம், ஆனால் கைப்பக்கம் யாருக்கோ பிடித்துத் தைத்ததைப் பிரித்த தடம் இருந்ததாம். அடுக்கடுக்காகச் சொல்லி நிறுத்தியவள் கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள்.

"அக்கா, காதளவுக்கு வெட்டிடுங்க."

"யோசிச்சுச் சொல்லு. அவர் கோவப்பட்டா?"

"கோவப்பட்டா நல்லதுதான். நான்தான் வேணும்னா திட்டிட்டு விட்ருவார். இந்தப் படத்துல இருக்கறவதான் வேணும்னா... அதையும் தெரிஞ்சுக்கணும்."

ஒத்தக் கம்மல் கத்தரியை எடுத்தாள். வெட்டினாள். இடுப்பளவு கூந்தல் கற்றை கற்றையாகத் தரையில் விழுந்தது. கடைசிக் கற்றை விழவும் கதவு திறக்கவும் சரியாக இருந்தது.

அவர் பெண்ணைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார். திட்டுவார், கத்துவார் என்று இருவரும் மூச்சைப் பிடித்திருந்தார்கள். அவரோ குனிந்து ஒரு கற்றையை எடுத்து, தூசி தட்டி, விரலில் மெதுவாகச் சுற்றிக்கொண்டார்.

"பரவாயில்ல" என்றார், பேருந்து தவறிப்போனதைச் சொல்வதுபோல. "வளந்துடும். போன தடவையும் நான் காத்துக்கிட்டுதானே இருந்தேன்."

மேலே போர்த்திய துணிக்கு அடியிலிருந்து பெண்ணின் கை வந்து ஒத்தக் கம்மலின் விரல்களைப் பிடித்தது.

அவர் வாசல் கதவை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்து முதல் பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தார். ஒரு சுரம் பிசகவில்லை. சுவரில் பாடகி படம் ஒட்டிய காலத்தில் ஒத்தக் கம்மலைத் தூங்கவைத்த பாட்டு அது. இன்று அடுத்த வரியை அவள் எடுத்துக் கொடுக்கவில்லை.

"முடிய அலசணும், உள்ள வாம்மா" என்றாள், வழக்கமான கடைக் குரலில்.

உள்ளறையில் குழாயைத் திறந்து தண்ணீரைச் சத்தமாக விட்டாள். தொட்டிக்குப் பக்கத்தில் பின்கதவு, திறந்தால் சந்து. கடை எடுத்த நாளிலிருந்து அவள் அதைத் திறந்ததில்லை. பெண்ணைத் தனக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டு, துருவேறிய தாழ்ப்பாளை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். அது அசைந்தது, கூடவே கிறீச்சிட்டது.

முன்னறையில் பாட்டு நின்றது.