ஒற்றைக் காது

என் புருஷன் கோபிக்கு ஒரு காதில்தான் கடுக்கன் துளை. மறு காதைக் குலசாமிக்கு வேண்டிக்கொண்டு விட்டுவிட்டதாக மாமியார் தையல்நாயகி சொல்வார். சாமிக்கு எதற்கு ஒற்றைக் காது என்று கேட்டால் முறைப்புதான் பதில்.

திண்டிவனத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கோபிக்குக் குடலிறக்க ஆபரேஷன். டாக்டர் ஆர்த்தி கடைசியாகக் கேட்டார்: "அடிபட்டா ரத்தம் நிக்காம போகுமா? வீட்ல யாருக்காவது அப்படி உண்டா?"

"அதெல்லாம் இல்ல மேடம். சூட்டு ஒடம்பு, எப்பவாச்சும் மூக்குல வரும்" என்றார் கோபி. மாமியார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது. மாமியார் ஓடிப்போய் அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"இட்டுக்கினு போவாதீங்கம்மா! காது குத்தனப்ப பொழுதுக்கும் ரத்தம் நிக்கல. அதான் மறு காத வுட்டுட்டோம். எந் தம்பி பல்லு புடுங்கினு வந்து, ரத்தம் போயேதான் செத்தான்."

"ஏன் அத்த சொல்லல?"

"எம் பொண்ணு கலைப்பிரியாவுக்கு மாப்ள பேசிக்கினு இருக்கோம். ரத்தத்துல நோவுன்னா எவன் கட்டுவான்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒங்க பொண்ணுக்குப் புருஷன் வேணும், எனக்கு வேணாமா?" என்று ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

ஆர்த்தி ஆபரேஷனை நிறுத்தி, விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பரிசோதனையில் தெரிந்தது: ரத்தத்தை உறைய வைக்கிற சத்து கோபிக்குப் பிறவியிலேயே குறைவு. "தெரியாம அறுத்திருந்தா ஆபத்து. இப்ப தெரிஞ்சு போச்சு, பாத்துக்கலாம்" என்றார் அங்கிருந்த டாக்டர். குறைந்த சத்தை ஊசியில் ஏற்றிவிட்டுத்தான் கத்தியைத் தொட்டார்கள். அப்புறமும் ஏற்றினார்கள்.

தையல் மேல் போட்ட துணிக்கட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெள்ளையாகவே இருந்தது. கோபி கண் விழித்து, "பசிக்குது" என்றார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன எனக்கு.

வெளியே வந்தால், மாமியார் கலைப்பிரியாவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை வீட்டாரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். "பொண்ணுக்கும் டெஸ்ட் எடுக்கணுமாம். பொறக்கற ஆம்பளப் புள்ளைக்கு வரலாம்னு சொல்றாங்க. வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க. இனிமே நான் மறைக்க மாட்டேன்."

போனை வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தார். என் கோபம் இன்னும் போகவில்லைதான். ஆனாலும் பக்கத்தில் போய் நின்றேன்.

"என்னா சொன்னாங்க அத்த?"

"எந்த வார்டுன்னு கேக்குறாங்க. சாத்துக்குடி வாங்கிக்கினு வர்றாங்களாம்."