சமக்குறிப் பொத்தான்

பக்கவாதம் லூர்துசாமியின் வலது கையையும் பேச்சையும் ஒருசேர முடக்கிப் போட்டது. பட்டினப்பாக்கத்தில் படகு எஞ்சின்களைப் பிரித்து மாட்டியே வயதானவர் அவர். இருட்டில்கூடத் திருகாணியைத் தடவிக் கண்டுபிடித்த விரல்களுக்கு இப்போது சட்டையின் நுனிகூடப் பிடிபடவில்லை. வாயில் மிஞ்சியது 'வசா' என்ற ஒரே சொல். அந்தச் சொல்லுக்கு அவர் மனைவி வசந்தி எங்கிருந்தாலும் ஓடிவந்தாள்.

விரல்களுக்குப் பயிற்சி வேண்டுமென்று ஆஸ்பத்திரியில் ஒரு ரப்பர் பந்து கொடுத்தார்கள். குழந்தைச் சாமான் என்று அதைக் கட்டிலுக்கடியில் உருட்டிவிட்டார். செல்போனில் எண்களை அழுத்திப் பழகலாம் என்றார்கள். நடுங்கும் விரல் பட்டதும் ஒன்றுக்கு நாலாக எண் விழுந்தது. வழவழக் கண்ணாடியில் அழுத்தினோமா இல்லையா என்றே விரலுக்குத் தெரியவில்லை. போனைத் தள்ளிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

வசந்திக்கு டிரங்குப் பெட்டியில் கிடந்த கால்குலேட்டர் நினைவுக்கு வந்தது. கப்பலில் வேலை பார்த்த அவருடைய அண்ணன், எப்போதோ சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்தது. சோப்புப் பெட்டி போலக் கனமாக, கறுப்பாக இருக்கும். அதை எடுத்துத் துடைத்து அவர் மடியில் வைத்தாள். அவர் ஒரு பொத்தானை அழுத்தினார்.

டிக்.

கண்கள் விரிந்தன. மறுபடி அழுத்தினார். மறுபடியும் டிக். வாயின் ஒரு பக்கம் சிரித்தது. ஆனால் திரையில் எண்தான் எரியவில்லை. அதை அவளிடமே நீட்டி, "வசா" என்றார்.

மறுநாள் வசந்தி ரிச்சி தெருவுக்குப் போனாள். அப்துல் சமத் என்பவரின் சின்ன ரிப்பேர் கடையைக் காட்டினார்கள்.

"எதுக்கும்மா இது? போன்லயே கால்குலேட்டர் கீதே."

"போனு வேணாம் பாய். அவரு கைக்கு இதான் தெரியுது."

சமத் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். மூடியைக் கழற்றினார். பேட்டரி பச்சை உப்புப் பூத்து அழுகியிருந்தது. ஒவ்வொரு பொத்தானுக்கும் கீழே, கவிழ்த்த கிண்ணம் போல மெல்லிய தகடு. "அமுக்குனா குழியும், வுட்டா எழும்பும். அந்தச் சத்தந்தான் நீ கேட்டது" என்றார். எண் தெரியும் இடத்தில் கடுகளவு விளக்குகள். அவற்றைப் பெரிதாக்கிக் காட்ட, மேலே தண்ணீர்த் துளி போன்ற பிளாஸ்டிக் குமிழிகள். உப்பைச் சுரண்டி, சின்ன பென்டார்ச் செல்களை வைத்துக் கம்பி பற்றவைத்தார். சிவப்பாக ஒரு பூஜ்யம் எரிந்தது.

எல்லாப் பொத்தானும் வேலை செய்தது, சமக்குறியைத் தவிர. அதன் தகடு விரிசல் விட்டிருந்தது.

"இந்தத் தகடு இனிமே எங்கயும் கெடைக்காதும்மா." வசந்தியின் முகத்தைப் பார்த்தவர், கொஞ்சம் யோசித்து, "சதவீதப் பொத்தானு அவருக்கு வேணுமா?" என்று கேட்டார்.

"அத்த அவரு தொட்டதே இல்ல."

இடுக்கியால் சதவீதப் பொத்தானின் தகட்டை எடுத்துச் சமக்குறிக்கு அடியில் உட்காரவைத்தார். திரை நிறைய எட்டு எண்களை அழுத்தி, ஆசையாகப் போனில் படம் பிடித்தார். படத்தை எட்டிப் பார்த்த வசந்தி பதறினாள்.

"இன்னா பாய், இதுல ஒரு நம்பருதான் எரியுது?"

"எப்பவுமே ஒண்ணுதாம்மா எரியும். ஒண்ணு அணைஞ்சி அடுத்தது, அதுக்கடுத்ததுன்னு ஓடிக்கினே இருக்கும். செல்லு சீக்கிரம் தீராம இருக்க அப்டி செஞ்சி வெச்சிக்கிறான். ஓட்ற வேகத்துல நம்ம கண்ணுக்கு மொத்தமும் எரியற மாரி தெரியுது."

வீட்டில் அதைச் சொன்னபோது, எனக்குத் தெரியாததா என்பது போல லூர்துசாமி ஒரு விரலைத் திரையின் மேல் மெல்ல ஓட்டிக் காட்டினார். பிறகு ஒன்று, கூட்டல், சமம் என்று அழுத்தினார். அதன்பின் சமக்குறியை அழுத்தும்போதெல்லாம் திரையில் எண் ஒவ்வொன்றாக ஏறியது. எத்தனை முறை அழுத்தினார் என்று வசந்தி எண்ண வேண்டியதே இல்லை. சில நாள் விரல் மரத்து, கோபத்தில் கண் கலங்கும். "போதும்யா" என்று அவள் கெஞ்சுவாள். அவர் கேட்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நங்கநல்லூரிலிருந்து மகள் பிலோமினா வந்தாள்.

"நைனா இன்னாம்மா எண்ணிக்கினு கீது?"

வசந்தி சிரித்தாள். "அப்போ ஒன்ன எண்ணுச்சி. இப்போ வெரல எண்ணுது."

"என்னயா?"

"ஒனக்கு முன்னாடி ஒரு புள்ள வயித்துலயே அசைவு நின்னு போச்சிடி. நீ வயித்துல இருந்தசொல்ல, புள்ள உதைக்கறத எண்ணிக்கினே இருங்கன்னு நர்சம்மா சொல்ட்டாங்க. நா மீன் கூடைய எறக்கிட்டுப் படுத்தா தூங்கிடுவேன். இவரு ஒரு கைய எம்வயித்து மேல வெச்சிக்கினு, இன்னொரு கைல இத்த வெச்சிக்கினு, நீ ஒதைக்க ஒதைக்க அமுக்கிக்கினே குந்தினிருப்பாரு."

பிலோமினாவுக்கு இது புதுச் செய்தி. தனக்கு முன்னால் ஒரு குழந்தை இருந்ததே புதுச் செய்தி. அப்பாவின் காலருகே உட்கார்ந்தாள்.

"நைனா, அவ்ளோவா ஒதச்சேன்?"

லூர்துசாமியின் உதடு துடித்தது. தாடை கோணி, கழுத்து நரம்பு புடைத்தது.

"ரொ... ரொம்ப."

வசந்தி தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லி உள்ளே போய், வெறுங்கையோடு வெகுநேரம் நின்றாள்.

பேச்சு முழுதாகத் திரும்பவில்லை. வந்த சொற்களும் ஒவ்வொன்றாக, வெகு தாமதமாகவே வந்தன. பிலோமினா ஞாயிறு தவறாமல் வந்து, அவை வரும்வரை அவசரப்படாமல் காத்திருந்தாள். கோடையில் ஒரு மாலை அவர், "கடல்" என்றார். தாயும் மகளும் இரண்டு பக்கமும் தாங்கி மணலில் நடத்திப்போய் உட்காரவைத்தார்கள். ஓர் அலை எதிர்பாராமல் ஏறிவந்து மூவரையும் நனைத்தது. புதுப் புடவை போச்சே என்று பிலோமினா கத்த, லூர்துசாமி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.